பேனல் மாட்டியும் அறை கணகணக்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்போம்

என் அக்கா திருச்சியில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், பட்டி பார்த்து வழவழவென்று பெயின்ட் அடித்த சுவர், தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ். அவர் 'ச' பிடித்தால் அறையே சேர்ந்து பாடும். எதிர்முனையில் இருக்கும் குழந்தைக்கு எது குரல், எது எதிரொலி என்று புரியாது. அதற்காக நாங்களே மரச்சட்டம் அடித்து, பஞ்சு வைத்து, துணி போர்த்தி, எதிரொலியை உறிஞ்சும் நான்கு பேனல் செய்து சுவரில் மாட்டினோம். ஒன்றுமே மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று தேடிப் படித்து, கழற்றி, திரும்பச் செய்து கற்றுக்கொண்டதையும், பிறகு நண்பர்கள் வீடுகளில் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் அறையில் என்ன கேட்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒலி என்பது காற்றின் அசைவு. அந்த அசையும் காற்று பேனலின் நார்களுக்கு உள்ளே புகுந்து, உரசி, கொஞ்சம் வெப்பமாக மாறித் தீர்ந்துபோகிறது. பேனல் செய்யும் வேலை இவ்வளவுதான். ஆகவே காற்று உள்ளே நுழைய முடியாவிட்டால் பேனல் வேலை செய்யாது. அதோடு, சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை, சுவர் அதைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. சுவரிலிருந்து விலக விலகத்தான் அசைவு கூடும். கீழே வரும் பல கோளாறுகள் இந்த இரண்டில்தான் போய் முடிகின்றன.

## மாட்டியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை

முதலில் ஊதிப் பாருங்கள். பேனலின் துணியில் வாயை வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் கோளாறு துணியில். ரெக்ஸின், உட்பக்கம் ரப்பர் பூச்சு அடித்த திரைத்துணி, நெருக்கமாக நெய்த தடித்த கேன்வாஸ், படம் வரைந்து பெயின்ட் ஏறிய துணி ஆகியவற்றில் பட்டு நடு, உச்ச ஒலிகள் திரும்பி வந்துவிடும். எங்கள் முதல் நான்கு பேனல்களில் நடந்தது இதுதான். அழகாக இருக்கிறதே என்று சோபாவுக்குப் போடும் துணியை எடுத்திருந்தோம். பிறகு சென்னிமலை கைத்தறிப் படுக்கை விரிப்பை வெட்டிப் போர்த்தினோம். இழை கொஞ்சம் தளர்வாக இருக்கும் கைத்தறிப் பருத்தி இந்த வேலைக்கு அருமையானது. பழைய பருத்திப் புடவையும் சரிதான்.

துணி சரி என்றால் உள்ளே இருப்பதைப் பாருங்கள். தெர்மோகோல் ஒலியை உறிஞ்சாது. அதன் குமிழிகள் எல்லாம் மூடிய குமிழிகள், காற்று புக வழியே கிடையாது. முட்டை அட்டையும் அப்படியே: மெல்லிய காகிதக்கூழ், அதன் மேடுபள்ளம் உச்ச ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அதற்கு மேல் எதுவும் இல்லை. வேண்டியது நார்: ராக்வூல் (கல்லை உருக்கி எடுத்த நார்) அல்லது கிளாஸ்வூல் (கண்ணாடி நார்), கையில் எடுத்தால் வளையாமல் நிற்கும் பலகை வடிவில். ராக்வூலில் கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி கேட்டு வாங்குங்கள். 96 இன்னும் நன்றாக உறிஞ்சும் என்று கடையில் சொல்லலாம். அது உண்மையல்ல. இறுக்கம் கூடினால் காற்று நுழைவது குறையும். பலகை தடிமனாக ஆக இது இன்னும் பாதிக்கும்.

ஃபோம் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மெத்தைக்கும் பெட்டிக்குள்ளும் வைக்கும் சாதாரண பாலியூரிதேன் ஃபோமைச் சுவரில் ஒட்டாதீர்கள். அது தீப்பற்றினால் நொடிகளில் பரவி நச்சுப்புகை கக்கும். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதி மேடைச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியாவில் கூரை ஃபோம் பற்றி 242 பேர். நம் வீட்டில் வாணவேடிக்கை இல்லை, ஆனால் ஊதுபத்தியும் விளக்கும் பழைய பிளக் பாயின்ட்டும் உண்டு. ராக்வூல் கல்லை உருக்கி எடுத்த நார், எரியாது. மேலே போர்த்தும் பருத்தி எரியும் என்பதால் ஸ்விட்ச் போர்டு, விளக்கு மாடம் இவற்றிலிருந்து பேனலைத் தள்ளியே மாட்டுங்கள்.

துணியும் நாரும் சரி, இருந்தும் வித்தியாசம் இல்லையென்றால் எண்ணிக்கை போதவில்லை. இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை, ஒலி ஐந்தரை நொடி வரை நின்றது. சரிசெய்யச் சொல்லி இளம் ஆசிரியர் வாலஸ் சேபினிடம் ஒப்படைத்தார்கள். அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒலித்து நின்றபின் எவ்வளவு நேரம் கேட்கிறது என்று அளந்துகொண்டே போனார். கிடைத்த சூத்திரம் எளிமையானது: அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் நொடியில் வரும்.

அக்காவின் அறை 34 கன மீட்டர். கட்டில், பீரோ, திரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 சதுர மீட்டர் உறிஞ்சுவதாக வைத்தால் 1.1 நொடி. ராக்வூல் பலகை பெரும்பாலும் 1000-க்கு 600 மில்லிமீட்டர் அளவில் வரும், ஒரு பேனலுக்கு 0.6 சதுர மீட்டர். நான்கு பேனல் மாட்டினால் 0.74 நொடி, காது பெரிதாக மெச்சாது. பத்து மாட்டினால் அரை நொடிக்கு வந்துவிடும், பேச்சுக்கும் பாட்டு வகுப்புக்கும் அது போதும். நடு, உச்ச ஒலிகளுக்கான தோராயக் கணக்குதான் இது, ஆனாலும் 'இரண்டு பேனல் போதுமா' என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

செலவு செய்யும் முன் இன்னொன்று செய்யலாம். வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை எல்லாம் கொண்டுவந்து சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். எந்தச் சுவரில் வைத்தபோது அறை அடங்கியதோ அந்தச் சுவருக்குத்தான் பேனல்.

## கை தட்டினால் 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் ஓடுகிறது

எதிரெதிரே இரண்டு வெற்றுப் பரப்புகள் பந்து விளையாடுவதுபோல ஒலியைத் தூக்கிப் போட்டுக்கொள்கின்றன. பேனல் எல்லாவற்றையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டியவர்கள் வீட்டில் இது நிச்சயம் கேட்கும்: அந்தச் சுவருக்கும் அதன் எதிர்ச் சுவருக்கும் இடையே அடங்கிவிடும், மற்ற இரண்டு சுவர்கள் அப்படியே கிடக்கும். பாதிப் பேனலைக் கழற்றி அடுத்த சுவருக்கு மாற்றுங்கள். எதிர்ச் சுவர்களில் மாட்டும்போது நேருக்கு நேர் வேண்டாம். இங்கே பேனல் இருக்கும் இடத்துக்கு எதிரே அங்கே வெற்றுச் சுவர் வருமாறு மாற்றி மாற்றி மாட்டினால் பாதிப் பேனலிலேயே நடுக்கம் நின்றுவிடும்.

நான்கு சுவரும் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஓடுகிறதா? தரையும் கூரையும்தான். கனமான பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தால் கை தட்டும் ஒலி உடனே மாறும். கூரையில் பேனல் தொங்கவிடுபவர்கள் ஃபேன் இறக்கையிலிருந்து நன்றாகத் தள்ளி, கான்கிரீட்டில் ஆங்கர் போட்டு, நான்கு மூலையிலும் கம்பி கட்டித் தொங்கவிட வேண்டும். தலைக்கு மேல் இருக்கும் பொருள் அது.

## உச்ச ஒலி செத்துவிட்டது, கனத்த ஒலி மட்டும் குமுறுகிறது

அறையில் பேச்சு மந்தமாக இருக்கும். ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியைத் தட்டினால் 'தொம்' என்று நிற்கும், வலந்தலையின் 'நம்' மட்டும் பஞ்சில் குத்தியதுபோல் போய்விடும். மெல்லிய பேனல்களை நிறைய ஒட்டிய அறையின் அடையாளம் இது. உண்மையில் பேனல் போடாத அறையைவிட இது மோசம், ஏனென்றால் ஒலியின் ஒரு பாதியை மட்டும் எடுத்துவிட்டு மறுபாதியை விட்டிருக்கிறோம்.

காரணத்தை அளவில் பார்க்கலாம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர் போகும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஷட்ஜம், அதாவது நடு 'ச', 131 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 2.6 மீட்டருக்கு மேல். சுவரிலிருந்து அலையின் கால் பங்கு தூரத்தில், அதாவது இரண்டடிக்கும் மேல் தள்ளித்தான் அந்த அலையில் காற்றின் அசைவு உச்சத்தில் இருக்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 196 ஹெர்ட்ஸ், அதற்கே ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கீழே. சுவரில் ஒட்டிய ஓர் அங்குலப் பஞ்சு அசைவே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'ஸ', 'ச' போன்ற சீறல் ஒலிகளைத்தான் அது பிடிக்கும்.

இரண்டடிப் பஞ்சு யாராலும் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். இரண்டு அங்குலப் பலகையையே சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். பின்னால் விட்ட வெற்றிடத்துக்குக் காசில்லை, ஆனால் பேனல் கீழ் ஒலிகளை எட்டிப் பிடிக்கிறது. இரண்டு பலகையை அடுக்கி நான்கு அங்குலமாக்கி, அதையும் தள்ளி மாட்டினால் குரலுக்கான வேலை கிட்டத்தட்ட முடிந்தது. எங்கள் அறையில் அதிகப் பலன் தந்த மாற்றம் எது என்று கேட்டால் இந்த இடைவெளியைத்தான் சொல்வேன். பேனலின் பின்னால் நான்கு மரக்கட்டைத் துண்டுகளைத் திருகியது மட்டும்தான் நாங்கள் செய்தது.

அதன் பிறகும் ஒரே ஒரு சுரம் மட்டும் அறையில் தங்கி முழங்கினால் அது அறையின் அளவிலிருந்து வருகிறது. ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த அலைவரிசை கிடைக்கும். பத்தடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடி நீளத்துக்கு 48. நம் வீடுகளில் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி என்று அமைந்துவிடுவதால் இரண்டும் ஒரே 57-இல் வந்து விழுந்து, ஸ்பீக்கரில் பாட்டு கேட்பவர்களை வாட்டும். இதற்கு மூலைகள்தான் மருந்து. அறையின் கனத்த ஒலி எல்லாம் மூலையில்தான் வந்து குவியும். இரண்டு சுவர் சேரும் இடத்தில் நான்கு அங்குலப் பேனலைக் குறுக்காக, பின்னால் முக்கோண வெற்றிடம் வருமாறு, தரையிலிருந்து கூரை வரை நிறுத்துங்கள். இடம் இருந்தால் அந்த முக்கோணத்தையும் மலிவான கிளாஸ்வூல் உருளையால் நிரப்பிவிடலாம். மாட்டும் முன்னும் பின்னும் அளந்து பார்க்க ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு மைக் இருந்தால் போதும்.

## அறையில் நன்றாகக் கேட்கிறது, பதிவில் மட்டும் கிணற்றுக்குள் பாடியதுபோல

பேனல் மைக்குக்குப் பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் பாடகரின் முகத்துக்கு எதிரே, மைக்கின் முதுகுப் பக்கம் பேனலை நிறுத்துகிறார்கள். வீட்டில் பயன்படும் கார்டியாய்டு மைக் முதுகுப் பக்க ஒலியை ஏற்கெனவே தள்ளிவிடும். அது திறந்து கேட்பது பாடுபவரையும் பாடுபவரின் பின்னால் இருக்கும் சுவரையும். எனவே தடித்த பேனல் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். அக்காவுக்கு இரண்டு பேனலை இடம் மாற்றியதில் ஒரு ரூபாய் செலவில்லாமல் பதிவு தெளிந்தது.

அறையின் நட்டநடுவே உட்கார்வதையும் தவிர்க்கலாம், ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். ஸ்பீக்கர் வைத்துக் கேட்பவர்களுக்குக் கண்ணாடி வழி இருக்கிறது. நீங்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறொருவர் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். எங்கே கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பேனல்.

## தெருச் சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும் குறையவே இல்லை

குறையாது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. காற்று உள்ளே புகும் பொருளில் ஒலியும் மறுபக்கம் போய்விடும். தடுக்க எடை வேண்டும், துளையில்லாத அடைப்பு வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. உங்கள் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்கிறது. சத்தம் வருவது கதவின் அடியில் இருக்கும் அரை அங்குல இடுக்கிலும், ஜன்னல் சட்டத்தின் விளிம்பிலும், மேலே இருக்கும் வென்டிலேட்டரிலும்தான். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள், அடியில் தடுப்பு வையுங்கள், பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் வென்டிலேட்டரை அடைக்கக் கழற்றி மாட்டும் பிளைவுட் பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பேனலின் எண்ணிக்கையைக் கூட்டுவது வீண் செலவு.

## பேனல் தொப்பை போடுகிறது, பஞ்சு சரிகிறது, துணி சுருங்கித் தொங்குகிறது

பஞ்சு சரிந்தால் இரண்டு காரணம். ஒன்று, பலகைக்குப் பதில் உருளையாக வரும் மெல்லிய கிளாஸ்வூலைப் போட்டிருப்பீர்கள். அதை நிமிர்த்தினால் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். மற்றொன்று, நான்குக்கு இரண்டடி என்று சட்டத்தை முதலில் அடித்துவிட்டு, பலகையைப் பிறகு வாங்கியிருப்பீர்கள். 1000-க்கு 600 பலகை அதற்குள் போனால் ஏறக்குறைய 22 செ.மீ. மிச்சம் விழும். பலகையை வாங்கி வந்து அளந்து, சட்டத்தின் உள் அளவு அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்குமாறு ஆசாரியிடம் சொல்லுங்கள். பலகை இறுகி உட்காரும், பசையே தேவைப்படாது. பின்பக்கம் குறுக்காக ஒரு ரீப்பர் அடித்தால் தொப்பையும் போடாது, சட்டமும் முறுக்கிக்கொள்ளாது.

பருத்தித் துணியை ஒருமுறை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே போர்த்துங்கள். ஸ்டேப்ளர் அடிக்கும்போது ஒரு மூலையிலிருந்து தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசி மூலையில் சுருக்கம் தங்கும். நான்கு பக்கத்திலும் நடுவில் ஒவ்வொன்று அடித்து, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து அடித்துக்கொண்டே மூலைக்குப் போங்கள். துணியின் நெசவுக் கோடு சட்டத்துக்கு நேராக ஓட வேண்டும். கட்டம் போட்ட துணி எடுத்தால் இது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

## கை அரிக்கிறது, தூசி விழுகிறது

நார் தோலில் குத்துவதால் வரும் அரிப்பு. தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி நான்கும் வேண்டும், வேலையை மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் வருமா என்று பலர் பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கட்டடங்களில் வைக்கும் கிளாஸ்வூல், ராக்வூல் இரண்டையும் 2002-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் 'புற்றுநோய் உண்டாக்கும் என வகைப்படுத்த இயலாதவை' என்ற மூன்றாம் பிரிவில் வைத்தது. ஆனாலும் நுரையீரலுக்குள் நார் போக விடக்கூடாது. மாட்டிய பிறகும் தூசி விழுந்தால் பலகையை மெல்லிய நான்-ஓவன் துணியால் முழுதும் சுற்றி, அதற்கு மேல் வண்ணத்துணியைப் போர்த்துங்கள். பின்பக்கத்தையும் அதே துணியால் மூடுங்கள். தடித்த பாலித்தீன் வேண்டாம், மூச்சு போகாது.

## மழைக்காலத்தில் வாடை, துணியில் கரும்புள்ளி

ஐப்பசி, கார்த்திகையில் இதைப் பார்ப்பீர்கள். சுவர் ஓதம் பிடித்திருக்கிறது, பேனல் அதை ஒட்டி மூடியிருக்கிறது. கழற்றி வெயிலில் நன்றாகக் காயவைத்து, துணியைத் துவைத்து, சுவர்க் கசிவைச் சரிபார்த்த பிறகே மாட்ட வேண்டும். இரண்டு அங்குல இடைவெளி இங்கேயும் உதவும், காற்று ஓடினால் பூஞ்சை தங்காது.

அந்த இடைவெளியில் பல்லி குடியேறும் என்பது உண்மைதான். நான்கு ஓரத்திலும் நைலான் கொசுவலையை ஸ்டேப்ளர் அடித்துவிட்டால் காற்று போகும், பல்லி போகாது. கரையான் உள்ள வீடுகளில் சட்டத்துக்குக் கரையான் எண்ணெய் பூசி, வாடை போகும்வரை காயவிட்டு, அப்புறம் துணி போர்த்துங்கள். பேனலைத் தரையில் தொட விடாமல் நாலு அங்குலம் மேலே நிறுத்தினால் ஏறி வரும் மண் பாதை கண்ணில் படும்.

## பேனல் 'கிர்ர்' என்கிறது, அல்லது கழன்று விழுந்துவிட்டது

குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் கிர்ரென்றால் சட்டம் எங்கோ சுவரைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. தொடும் இடங்களில் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் நின்றுவிடும். பாடிக்கொண்டே ஒவ்வொரு பேனலாகக் கையால் அழுத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டு அங்குலப் பேனல் சட்டத்தோடு நான்கு கிலோ, நான்கு அங்குலம் ஆறேழு கிலோ வரும். இருபக்கம் ஒட்டும் டேப் இதற்கு ஆகாது, நம் வெயிலில் பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும். சுவரில் எட்டு மில்லிமீட்டர் துளையிட்டு ராவல் பிளக், திருகு. திருகு ஆடினால் அது பூச்சில்தான் நிற்கிறது, செங்கல்லை எட்டவில்லை. துளையை இன்னும் ஆழமாக்கி நீளத் திருகு போடுங்கள். படுக்கைக்கு மேலும் குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு மேலும் நான் இரண்டு திருகோடு ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டுகிறேன்.

## அறை அமைதியாகிவிட்டது, ஆனால் பாடவே பிடிக்கவில்லை

பன்னிரண்டு பேனல் மாட்டியதும் அக்கா சொன்னது இது. குரல் வாயைவிட்டு வெளியே போனதும் மறைந்துவிடுகிறது, தொண்டையை அழுத்த வேண்டியிருக்கிறது என்றார். பாடுபவருக்குத் தன் குரல் கொஞ்சம் திரும்பி வர வேண்டும், அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கிறார். அவருக்கு முன்னால் இருந்த சுவரிலிருந்து இரண்டு பேனலைக் கழற்றினோம், பின்னால் இருந்ததைத் தொடவில்லை. தம்புராவைப் போட்டு ஒரு வர்ணம் பாடிப் பார்த்தார். இன்னொன்றையும் கழற்றச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் பழைய புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தார். கழற்றிய மூன்றும் இப்போது ஹாலில், டிவிக்கு எதிர்ச் சுவரில் இருக்கின்றன.